ஈஸ்டர்கான் ஊர் ஊராகப் போக வேண்டுமா, ஒரே ஹோட்டலில் நடந்தால் போதாதா?

வடக்குக்காற்று

வேறொரு இழையில் ஒருவர், ஈஸ்டர்கான் எதற்கு வருடா வருடம் ஊர் மாற வேண்டும், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலைப் பிடித்து நிரந்தரமாக அங்கேயே நடத்தினால் எல்லாருக்கும் சௌகரியம்தானே என்று கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் அந்தப் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழை. என் பதில்: கூடாது. ஊர் மாறுவதை நிறுத்தினால் பத்துப் பதினைந்து வருடத்தில் நடத்த ஆளில்லாமல் மாநாடே நின்றுவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஈஸ்டர்கான் பிரிட்டனின் தேசிய அறிவியல் புனைவு மாநாடு. ஈஸ்டர் விடுமுறையில் வெள்ளி முதல் திங்கள் வரை நடக்கும். நிரந்தர அலுவலகம் கிடையாது, நடத்துகிற கம்பெனி கிடையாது, நிரந்தரத் தலைவரும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் வேறொரு குழு பொறுப்பெடுக்கிறது. வழக்கமாக இரண்டு வருடம் முன்பே, அப்போது நடந்துகொண்டிருக்கும் மாநாட்டிலேயே ஒரு கூட்டம் வைப்பார்கள். "நாங்கள் நடத்துகிறோம்" என்று முன்வருபவர்கள் மேடையேறி எந்த ஊர், எந்த ஹோட்டல், அறை வாடகை சுமாராக எவ்வளவு, குழுவில் யார் யார் என்று சொல்ல வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள், லிஃப்ட் எத்தனை, காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தியா, ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம். அப்புறம் வாக்கு. அவ்வளவுதான்.

தொடங்கிய கதையும் அப்படித்தான். 1937 ஜனவரி 3 அன்று லீட்ஸில் பிரம்மஞான சபையின் மண்டபத்தில் இருபது பேர் வரை கூடினார்கள். அறிவியல் புனைவுக்கென்று முன்கூட்டியே திட்டமிட்டு ஒரு பொது மண்டபத்தில் நடந்த முதல் மாநாடு அதுதான் என்று இங்கே சொல்வோம். அமெரிக்கர்கள் 1936இன் பிலடெல்ஃபியா சந்திப்பைச் சொல்வார்கள், அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. போருக்குப் பிறகு 1948இல் லண்டனில் ஒயிட் ஹார்ஸ் என்ற பப்பில் கூடியதிலிருந்துதான் ஈஸ்டர்கானின் வரிசை எண் ஓடுகிறது. 1955இல் கெட்டரிங்கில் நடந்தபோதுதான் ஈஸ்டருக்கு மாறியது. 1958இல் மறுபடி கெட்டரிங், அங்கே வைத்துத்தான் பிரிட்டிஷ் அறிவியல் புனைவுச் சங்கம் பிறந்தது. கெட்டரிங் எவ்வளவு சின்ன ஊர் என்று ரயிலில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் கிளாஸ்கோ, லிவர்பூல், பிரைட்டன், பிளாக்பூல், நியூகாசில் என்று சுற்றியது. கடல் தாண்டி ஜெர்சித் தீவுக்கே 1989, 1993, 2002 என்று மூன்று முறை போயிருக்கிறது. இப்போது பாருங்கள். 2008இலிருந்து 2019 வரை நடந்த 12 மாநாடுகளில் ஹீத்ரோ 5, பர்மிங்ஹாம் 2. மீதி ஐந்தைத்தான் பிராட்ஃபோர்டும் கிளாஸ்கோவும் மான்செஸ்டரும் ஹாரோகேட்டும் பகிர்ந்துகொண்டன. 2022 மறுபடி ஹீத்ரோ, 2023 மறுபடி பர்மிங்ஹாம். யாரும் முடிவு செய்யாமலேயே அது ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் எனக்குக் கவலை.

கணக்கன்

கவலை புரிகிறது, ஆனால் காரணத்தையும் பார்க்க வேண்டும். ஹீத்ரோவும் பர்மிங்ஹாமும் யாருடைய சோம்பலாலும் வந்ததல்ல.

இந்த மாநாட்டுக்குத் தேவைப்படுவது ஆயிரம் பேருக்கு அக்கம்பக்கமாக ஆட்கள் வந்தால் தாங்குகிற ஒரு பெரிய மண்டபம், ஒரே நேரத்தில் நாலைந்து அமர்வு நடத்த அறைகள், ஓவியக் கண்காட்சிக்கு ஓர் அறை, புத்தக வியாபாரிகளுக்கு ஓர் அறை, இரவு இரண்டு மணி வரை திறந்திருக்கும் பார். எல்லாம் ஒரே கூரையின் கீழ், அதற்கு மேலே சில நூறு படுக்கையறைகள். இப்படி ஹோட்டல் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அதிலும் ஈஸ்டர் வேறு. பிரைட்டனிலோ எடின்பரோவிலோ ஈஸ்டர் என்றால் சுற்றுலாப் பயணிகள் குவிகிற நேரம், ஹோட்டல்காரர் நமக்கு ஏன் குறைத்துக் கொடுக்க வேண்டும்? விமான நிலையத்து ஹோட்டலும் கண்காட்சி வளாகத்து ஹோட்டலும் வாரநாளில் வியாபாரத்துக்கு வருகிறவர்களை நம்பி இருப்பவை, நீண்ட விடுமுறையில் காலியாகக் கிடக்கும். அதனால்தான் அங்கே மலிவு.

ஒப்பந்தத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் ஆட்கள் இத்தனை படுக்கையறை எடுப்பார்கள் என்று குழு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மண்டப வாடகை மிகவும் குறையும், சில நேரம் இல்லாமலேயே போகும். அந்த எண்ணிக்கை நிரம்பவில்லை என்றால் வித்தியாசத்தைக் குழு கட்ட வேண்டும். சம்பளமில்லாமல் வேலை செய்கிற எட்டுப் பத்துப் பேர் அந்தப் பயத்தோடு இரண்டு வருடம் தூங்குகிறார்கள். தெரிந்த ஹோட்டல் என்றால் பயம் பாதி. இதைச் சொல்லாமல் "ஊர் மாற வேண்டும்" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

மின்மினி

நான் சக்கர நாற்காலியில் போகிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பழைய ஊர்களின் பழைய ஹோட்டல்கள் படத்தில் அழகாக இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றில், ஊர் பெயரும் ஹோட்டல் பெயரும் வேண்டாம், மாநாட்டின் பாதி அமர்வுகள் ஒரே ஒரு சின்ன லிஃப்டை நம்பி மேல்மாடியில் இருந்தன. சனிக்கிழமை அது நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை நான் கீழே வரவேற்பறையில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் பணம் கட்டியது அதற்காக இல்லை.

இன்னொன்று, ஈஸ்டர் வாரத்தில்தான் ரயில்வே தண்டவாள வேலை வைப்பார்கள். எந்தப் பாதை மூடுவார்கள் என்று மாநாட்டுக் குழுவுக்கு இரண்டு வருடம் முன்பே எப்படித் தெரியும்? ரயிலுக்குப் பதில் பேருந்து விடுகிறோம் என்பார்கள், அந்தப் பேருந்தில் நான் ஏற முடியுமா என்பது அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு ஹீத்ரோ பிடித்த இடம் இல்லை, ஆனால் அங்கே போனால் உள்ளே போய்விடுவேன் என்ற நிச்சயம் இருக்கிறது. வடக்குக்காற்று, உங்கள் வாதத்தில் எங்களுக்கு இடம் எங்கே?

வடக்குக்காற்று

மின்மினி, இடம் முதலிலேயே இருக்க வேண்டும். ஹோட்டலைப் பார்க்கப் போகிற அன்றைக்கே உங்களைப் போன்ற ஒருவர் குழுவோடு போக வேண்டும் என்பது என் கருத்து. லிஃப்ட் ஒன்றுதான் என்றால் அந்த ஹோட்டல் வேண்டாம், வேறு பார்க்கலாம். புது ஊருக்குப் போவதும் புதிதாகக் கட்டிய கட்டடத்துக்குப் போவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. 2024இல் டெல்ஃபோர்டில் மாநாட்டு மையத்தில்தானே நடந்தது.

கணக்கன் சொன்ன பணக்கணக்கு முழுவதும் உண்மை. ஆனால் ஊர் மாறுவதால் கிடைப்பது அந்தக் கணக்கில் வரவில்லை. மாநாடு ஓர் ஊருக்கு வந்தால், அந்த ஊர் வாசகர்களில் சிலர் முதல்முறையாக ஒரு குழுவாகிறார்கள். ஹோட்டலோடு பேரம் பேசவும், நிகழ்ச்சி நிரல் போடவும், ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். முடிந்த பிறகும் அவர்கள் அந்த ஊரிலேயேதான் இருப்பார்கள்.

எங்கள் லீட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். யார்கான் என்ற பெயரில் 1979, 1981, 1985 என்று மூன்று முறை இங்கே நடத்தினார்கள். 1981இல் செலவு போகக் கொஞ்சம் பணம் மிஞ்சியது. அதை வைத்து ஒரு சிறுகதைப் பத்திரிகை தொடங்கலாம் என்று லீட்ஸ்காரர்கள் சிலர் யோசித்தார்கள், அதே எண்ணத்தோடு லண்டனில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1982இல் இன்டர்ஸோன் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு தலைமுறை பிரிட்டிஷ் எழுத்தாளர்களில் எத்தனை பேருடைய ஆரம்பக் கதைகள் அதில் வந்தன என்று பாருங்கள். அந்த வருடம் மாநாடு லண்டன் ஹோட்டல் ஒன்றில் நடந்திருந்தால் லீட்ஸில் இருந்தவர்கள் கையில் அந்தப் பணமும் வந்திருக்காது, ஒருவரையொருவர் அந்த அளவுக்குத் தெரிந்திருக்கவும் மாட்டார்கள்.

கிளாஸ்கோவும் அப்படித்தான். அல்பகான் என்று 1980, 1983, 1986இல் ஈஸ்டர்கான் நடத்திப் பழகிய ஊர் அது. 1995இல் உலக அறிவியல் புனைவு மாநாடே அங்கே வந்தது, 2005இல் மறுபடி, 2024இல் மறுபடி. இதெல்லாம் தொடர்பில்லாமல் நடந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பனையடி

நான் லண்டனில் இருக்கிற யாழ்ப்பாணத்து ஆள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஆனால் வேலை செய்கிற ஆட்களைப் பற்றி இன்னும் ஒருத்தரும் கதைக்கவில்லை.

அங்கே ஒருத்தரும் டிக்கெட் வாங்குவதில்லை, உறுப்பினராகச் சேருவதுதான். குழுவில் இருப்பவர்களும் காசு கட்டித்தான் சேருவார்கள், மேடையில் பேசுகிற எழுத்தாளர்களும் பெரும்பாலும் அப்படித்தான், கௌரவ விருந்தினர்களுக்கு மட்டும்தான் விலக்கு. முதல்தரம் போனபோது எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். கதிரை தூக்குவது, வாசலில் நின்று உறுப்பினர் அட்டை பார்ப்பது, பேசுகிறவருக்குத் தண்ணி கொண்டுபோய் வைப்பது எல்லாம் உறுப்பினர்களே. கோஃபர் என்பார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு ஓடுகிற பெடியள் மாதிரி, யாரும் கூப்பிட்டு நிற்பதில்லை, தேவை என்று கண்டால் நிற்பார்கள். வேலை செய்த நேரத்துக்கு க்ரோட் என்று ஒரு விளையாட்டுக் காசு தருவார்கள், அதை உள்ளே தேத்தண்ணிக்கோ புத்தகத்துக்கோ கொடுக்கலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது டாக் வியர் விருது. ஆர்தர் வியர் என்று ஒரு மனிதர், வயசான காலத்தில்தான் இந்த வட்டத்துக்குள் வந்தார், கொஞ்ச வருடத்தில் 1961இல் செத்துப்போனார். அந்தக் குறுகிய காலத்துக்குள் சனம் அவரில் அவ்வளவு பாசம் வைத்துவிட்டது. 1963இலிருந்து அவர் பெயரில் ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுக்கிறார்கள். எழுதினவருக்கு இல்லை, வெளியே தெரியாமல் வேலை செய்தவருக்கு. உறுப்பினர்கள் வாக்குப் போடுவார்கள், கிண்ணத்தில் பெயர் வெட்டுவார்கள், ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டும்.

நான் சொல்ல வாறது, இந்த ஆட்கள் எங்கேயிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். முக்கால்வாசி அந்தந்த ஊரில் நடந்தபோது "பக்கத்தில்தானே, ஒருநாள் போய்ப் பார்ப்போம்" என்று வந்து மாட்டினவர்கள். ஹீத்ரோவுக்குப் பக்கத்து ஊர் என்று ஒன்றும் இல்லை. அங்கே தெருவில் நடந்து வந்து எட்டிப்பார்க்க ஆள் கிடையாது.

கணக்கன்

கடைசி வரி நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நிரந்தர அமைப்பு இல்லாததால் வரும் ஆபத்தை யாரும் தொடவில்லை. 2007க்கு லிவர்பூலில் நடத்துவதாக ஒரு திட்டம் இருந்தது, அது கைவிடப்பட்டது. பின்னால் தாங்கிப் பிடிக்க ஓர் அலுவலகம் இல்லை. வேறு சிலர் அவசர அவசரமாகக் கூடிச் செஸ்டரில் நடத்தினார்கள். அவர்கள் முன்வராமல் இருந்திருந்தால்? 2020இல் பர்மிங்ஹாமில் எல்லாம் தயாராக இருந்தபோது கொரோனா வந்து ரத்தானது. அடுத்த வருடம் முழுவதும் இணையத்தில் நடந்தது. ஒவ்வொரு முறையும் அந்தந்த வருடத்துக் குழுதான் தனியாகச் சமாளித்தது, உறுப்பினர் பணம், ஹோட்டல் ஒப்பந்தம் எல்லாவற்றையும். ஊர் மாறட்டும், ஆனால் பணத்தையும் ஒப்பந்த அனுபவத்தையும் வைத்திருக்க ஒரு சின்ன நிரந்தர அமைப்பாவது வேண்டும் என்பது என் நிலை.

வடக்குக்காற்று

செஸ்டர் என் பக்கத்துச் சாட்சி. ஓர் இடம் விழுந்ததும் இன்னொரு குழு எழுந்து நின்றது, ஏனென்றால் நாடு முழுக்க ஏற்கெனவே நடத்திப் பழகியவர்கள் சிதறி இருந்தார்கள். ஒரே அமைப்பு ஒரே ஹோட்டலில் நடத்திக்கொண்டிருந்து அது விழுந்தால் எழுந்து நிற்க வேறு யாருக்குத் தெரியும்?

சின்ன அமைப்பு, பணத்தை மட்டும் பார்த்துக்கொள்ள, எனக்கு ஆட்சேபம் இல்லை. இடத்தை அது முடிவு செய்யக் கூடாது. அது உறுப்பினர்கள் கையிலேயே இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். 1937 லீட்ஸ் மண்டபத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அந்த இருபது பேரில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர் என்பதை யாரும் சொல்லவில்லை. அப்போது அவருக்கு 19 வயது. ஒயிட் ஹார்ஸ் பப்பின் வியாழக்கிழமைக் கூட்டங்களுக்கும் போய்க்கொண்டிருந்தவர்தான். 1956இல் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார்.

2008 மார்ச் 19 அன்று கொழும்பில் இறந்தார். அந்த வருடம் ஈஸ்டர் சீக்கிரமாக வந்தது, 21ஆம் தேதி பெரிய வெள்ளி. ஹீத்ரோவில் ஈஸ்டர்கான் தொடங்கியது அன்றைக்குத்தான். 22ஆம் தேதி பொரளை கனத்தை மயானத்தில் அவரை அடக்கம் செய்தபோது அங்கே மாநாட்டின் இரண்டாம் நாள். எழுபது வருடத்துக்கு முன் இருபது பேராகத் தொடங்கியது அந்த நேரம் ஓர் ஹோட்டல் நிறைய ஆட்களோடு நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் நிச்சயம் விரும்பியிருப்பார்.

எனக்கு விசாவும் விமானக் காசும் சேர்ந்தால் அது ஹீத்ரோவா ஹாரோகேட்டா என்பது பெரிய வித்தியாசமில்லை. கொரோனாவுக்குப் பிறகு இணையம் வழியாகவும் சேர விடுகிறார்கள், அது மட்டும் நின்றுபோகக் கூடாது. ஊர் பற்றி வாதாடுகிற நீங்கள் அதையும் சேர்த்து அந்தக் கூட்டத்தில் கேளுங்கள்.

மின்மினி

கொட்டாஞ்சேனை சொன்னதுக்கு நூறு முறை ஆமாம். உடம்பு முடியாத வருடங்களில் எனக்கும் அதுதான் வழி. புதிதாக முன்வரும் குழுவிடம் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி லிஃப்ட், இரண்டாவது இணைய ஒளிபரப்பு.

லகான்கரை

நான் பெல்ஃபாஸ்ட். இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

1950களில் பிரிட்டன் பக்கத்து அறிவியல் புனைவு ரசிகர்களில் உலகமெல்லாம் பெயர் தெரிந்த கூட்டம் என்றால் அது பெல்ஃபாஸ்ட் கூட்டம்தான். வால்ட் வில்லிஸ் என்ற அரசு ஊழியர், மேல் நியூட்டனார்ட்ஸ் சாலையில் அவர் வீடு, அங்கே ஒரு சின்னக் கை அச்சு இயந்திரம். எழுத்து எழுத்தாகக் கோத்து ஸ்லான்ட் என்ற பத்திரிகையை அச்சடித்தார்கள். அச்சுக்குப் படங்களைச் செதுக்கிக் கொடுத்தவர்களில் ஜேம்ஸ் ஒயிட்டும் உண்டு, பிற்பாடு விண்வெளி மருத்துவமனைக் கதைகளால் பெயர் பெற்ற அதே ஜேம்ஸ் ஒயிட். எழுத்தாளர் பாப் ஷாவும் அந்த வீட்டுக்கு வந்து போனவர். 1952இல் அமெரிக்க ரசிகர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து வில்லிஸைச் சிகாகோ உலக மாநாட்டுக்கு வரவழைத்தார்கள். அட்லாண்டிக் கடந்து ரசிகர்களை அனுப்புகிற நிதி அதைப் பின்பற்றித்தான் 1953இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

இவ்வளவும் நடந்த ஊருக்கு ஈஸ்டர்கான் எப்போது வந்தது? 2025இல். அதுவரை நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் கப்பலோ விமானமோ ஏறி அங்கே போய்க்கொண்டிருந்தோம். ஹீத்ரோ "எல்லாருக்கும் சௌகரியம்" என்று யாராவது சொல்லும்போது அந்த எல்லாரில் நாங்கள் இருக்கிறோமா என்று கேட்கத் தோன்றும்.

2025இல் என்ன மாறியது என்றால், என் மகளும் அவள் தோழிகளும் வந்தார்கள். அவர்கள் புத்தகம் வாசிக்கிறவர்கள், ஆனால் மாநாட்டுக்காக இங்கிலாந்து போய் நாலு நாள் ஹோட்டலில் தங்க யார் பணம் கொடுப்பது? இங்கே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் போய் வந்தார்கள். இரண்டாம் நாளே அதில் ஒருத்தி கோஃபர் மேசையில் பெயர் கொடுத்துவிட்டாள். பனையடி சொன்ன அதே கதை.

மாநாடு திரும்ப இங்கே எப்போது வரும் என்று தெரியாது, 2026க்குப் பர்மிங்ஹாம்தான் மறுபடி. ஆனால் இங்கே நடத்தத் தெரிந்த ஆட்கள் இப்போது இருக்கிறார்கள்.

கணக்கன்

லகான்கரை, இதைப் படித்த பிறகு என் நிலையைக் கொஞ்சம் தெளிவாகச் சொல்கிறேன். ஹீத்ரோவும் பர்மிங்ஹாமும் இடையிடையே வருவது தேவை, அங்கே மிஞ்சுகிற பணத்தில் ஒரு பங்கைத் தூர ஊர்களில் நடத்துகிறவர்களுக்கு முன்பணமாகக் கொடுக்கும் பழக்கம் நிலையாக வேண்டும். ஹோட்டலுக்குக் கொடுக்கும் உத்தரவாதத்தில் ஒரு பகுதியை அது தாங்கினாலே புதுக் குழுக்கள் துணிவார்கள்.

வடக்குக்காற்று

இதை நீங்களே அந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும், நான் கை தூக்குகிறேன்.

பூங்குழல்

எல்லாவற்றையும் வாசித்தேன். லெஸ்டரில் வேலை செய்கிறேன், அறிவியல் புனைவு நிறைய படிப்பேன், ஆனால் இதுவரை எந்த மாநாட்டுக்கும் போனதில்லை. அங்கே யாரையும் தெரியாது. தனியாக ஒரு பெண் போனால் நாலு நாள் எப்படி இருக்கும்? எல்லாரும் பல வருடப் பழக்கத்தில் இருப்பார்கள் என்று தோன்றுகிறது. ரொம்பச் செலவாகுமா?

பனையடி

பயப்படாதீங்கோ தங்கச்சி. செலவு என்றால் உறுப்பினர் கட்டணத்தைவிட ஹோட்டல் அறைதான் கூட. கட்டணம் முன்கூட்டிச் சேர்ந்தால் குறைவு, மாநாடு நெருங்க நெருங்க ஏறும். அறையை யாராவது பெண்ணோடு பகிர்ந்துகொள்ளலாம், அப்படித் தேடுகிறவர்கள் முதலே கேட்டு வைப்பார்கள். நாலு நாளும் வேண்டாம் என்றால் ஒருநாள் உறுப்பினராக வரவும் பெரும்பாலும் வழி இருக்கும்.

வெள்ளிக்கிழமை போனவுடன் நேரே கோஃபர் மேசைக்குப் போய்ப் பெயர் கொடுங்கோ. ஒரு மணித்தியாலம் வாசலில் நின்றால் பத்துப் பேரைத் தெரிந்துவிடும். நிகழ்ச்சி நிரலில் எழுத்தாளர் பெயரை மட்டும் பார்த்துப் போக வேண்டாம், அறிவியல் உரைகளும் நன்றாக இருக்கும். திங்கட்கிழமை எல்லாம் முடிந்த பிறகும் கொஞ்சம் நில்லுங்கோ, அன்று இரவுதான் குழுவில் இருந்தவர்கள் களைத்துப்போய் வந்து உட்கார்ந்து நிம்மதியாகக் கதைப்பார்கள்.

மின்மினி

பூங்குழல், நானும் பர்மிங்ஹாம் போகிறேன். தனிமடல் அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை மதியம் பதிவு மேசைப் பக்கம் சந்திக்கலாம்.